மாலையில் முகர்ந்து பாருங்கள்!

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து யாராவது வெட்டிவேர் வாங்குவார்களா?

வாங்குகிறார்கள். பாரிஸ் நகரில் வாங்குகிறார்கள், லண்டனில் வாங்குகிறார்கள். இப்போது நம் ஊர் வாலிபர்களும் வாங்குகிறார்கள். வேர் என்று கேட்டு வாங்குவதில்லை. சென்ட் என்று கேட்டு வாங்குகிறார்கள். கனமான கண்ணாடிச் சீசா. அதற்கு ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின்மேல் வாயில் எளிதில் நுழையாத ஒரு பெயர். மூடியைத் திறந்து முகர்ந்தால் முதலில் எலுமிச்சம்பழத் தோலின் வாசனை வரும். சற்றுப் பொறுத்தால் ஈர மண்ணின் வாசனை வரும். அந்த இரண்டாவது வாசனைக்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை. பாட்டி பானைத் தண்ணீரில் போட்டு வைத்தாளே, அதே வெட்டிவேர்தான்!

திருவண்ணாமலை போன்ற கோயில் ஊருக்கும் இந்தச் சீசாக்கள் வந்துவிட்டன. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மாமா ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டு வருகிறார். கல்யாண மாப்பிள்ளை ஒன்று கேட்கிறார். முதல் மாதச் சம்பளம் வாங்கிய பையன் கைப்பேசியில் படம் பார்த்து ஒன்று வரவழைக்கிறான்.

"இது நல்லதா, அது நல்லதா?" என்று பிள்ளை யோசிக்கிறான். "இரண்டும் ஒரே வாசனைதானே? இதற்கா இத்தனை பணம்?" என்று தகப்பனார் கேட்கிறார்.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. உழைத்துச் சம்பாதித்த பணம் அல்லவா? என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் நிற்கிற பத்து நிமிஷத்தை நம்பிச் சென்ட் வாங்காதீர்கள். காலையில் பூசிக்கொண்டது மாலையில் எப்படி மணக்கிறதோ, அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

சீமைக்குப் போன தமிழ்ச் சொல்

வெட்டிவேர் என்பது ஒரு புல்லின் வேர். மேலே பார்த்தால் சாதாரணப் புல். அதில் வாசனை இல்லை. வாசனை எல்லாம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாகப் போகும்.

இந்தப் புல்லுக்கு மேனாட்டார் வைத்த பெயரும் 'வெட்டிவேர்' என்பதே. தமிழிலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. இன்று பாரிஸில் ஒரு கடைக்குப் போய் "வெட்டிவேர்" என்று கேட்டால், கடைக்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சீசாவை எடுத்து மேஜைமேல் வைப்பார்.

1950-களின் கடைசியில் பாரிஸ் சென்ட் கம்பெனிகளுக்கு இந்த வேரின்மேல் ஒரு மோகமே பிறந்தது. 1957-இல் கார்வன் என்ற கம்பெனி 'வெட்டிவேர்' என்ற பெயரிலேயே ஒரு சென்ட் கொண்டு வந்தது. 1959-இல் ழிவான்ஷி கம்பெனி ஒன்று கொண்டு வந்தது. அதே காலத்தை ஒட்டிக் கெர்லான் கம்பெனியும் ஒன்று கொண்டு வந்தது. கெர்லான் 1828-இல் பாரிஸில் தொடங்கிய பழைய கம்பெனி. அந்தக் குடும்பத்துப் பிள்ளையான ழான்-போல் கெர்லான், தம் இளவயதில் செய்த சென்ட் அது. அது இன்றும் விற்கிறது.

பிறகு 2006-இல் இன்னொன்று வந்தது. எர்மே என்ற கம்பெனி கொண்டு வந்தது. எர்மே 1837-இல் பாரிஸில் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. சேணத்திலிருந்து தோல் பை. தோல் பையிலிருந்து பட்டுத் துணி. பிறகு சென்ட் என்று வளர்ந்தது. 2006-இல் வந்த சென்டின் பெயர் 'தேர் தெர்மே'. 'தேர்' என்றால் பிரெஞ்சு மொழியில் மண் என்று பொருள். எர்மேயின் மண்! செய்தவர் ழான்-குளோத் எலெனா என்ற நிபுணர்.

முன்னே பழம், பின்னே மண். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். ஆகவே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அண்ணனும் தம்பியும்

கெர்லானை அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் எலுமிச்சை. கூடவே பெர்கமாட் என்ற இத்தாலிய நாரத்தை. பிறகு கொஞ்சம் ஜாதிக்காய், கொஞ்சம் புகையிலை. அதன் பிறகு வேர். சவுக்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து வைத்த வெள்ளை வேட்டியின் சுத்தம் இதில் இருக்கிறது. தோட்ட வேலையை முடித்துக் குளித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பெரியவரின் நினைவு வரும்.

எர்மேயைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் ஆரஞ்சு. கூடவே கிரேப்புரூட் என்ற பழத்தின் லேசான கசப்பு. நம் பம்ப்ளிமாசுக்குச் சொந்தக்காரப் பழம் அது. பிறகு மிளகு. அதன் பிறகு சக்கிமுக்கிக் கல்லை உரசினால் வருமே, அந்தக் கல் வாசனை. கடைசியில் தேவதாரு மரம், சாம்பிராணி, வெட்டிவேர். வெயிலில் காய்ந்த பாறைமேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்.

மிளகு, ஜாதிக்காய், சாம்பிராணி, தேவதாரு, வெட்டிவேர்! பட்டியலைப் படித்தால் நாட்டு மருந்துக் கடைக்கு எழுதிய சீட்டு போல இல்லையா?

ஆனால் சீட்டில் உள்ள சாமானை எல்லாம் வாங்கி இடித்துக் கலந்தால் அந்தச் சென்ட் வந்துவிடாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தம்பியின் சீசாவில் ஆலையில் செய்த மர வாசனைப் பொருள் ஒன்று நிறையவே உண்டு. கல் வாசனையும் கல்லிலிருந்து பிழிந்ததல்ல, நிபுணரின் கைவேலை. அரிசியும் உளுந்தும் எல்லா வீட்டிலும் இருந்தாலும் எல்லா வீட்டு இட்லியும் ஒன்றாகவா இருக்கிறது? கைப்பக்குவத்துக்கு ஒரு விலை உண்டு. அதை மறுப்பது நியாயமல்ல.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அண்ணனிடம் வேர்தான் வீட்டுத் தலைவர். மற்றவை எல்லாம் அதற்குத் துணை. தம்பியிடம் கல்லும் மரமும் முன்னே நிற்கின்றன. வேர் பின்னே நின்று தாங்குகிறது. இந்த வித்தியாசம் முதல் பத்து நிமிஷத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. அப்போது இரண்டிலும் பழம்தான் பேசும். "இரண்டும் ஒன்றுதானே?" என்று தகப்பனார் சொல்வது அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஏறக்குறைய சரி. மாலையில் அவரே தம் வார்த்தையை மாற்றிக்கொள்வார்.

பழம் ஏன் பறந்து போகிறது?

வாசனை என்பது மூக்குக்குப் பறந்து வருகிற துகள். பறக்காத பொருளுக்கு வாசனை இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். அதன் துகள் சிறியது, லேசானது. ஒரு துகளில் 10 கரி அணுக்கள்தாம் உண்டு. ஆகவே சட்டென்று பறந்து வந்து மூக்கைத் தொடும். அதே வேகத்தில் போயும் விடும். வெட்டிவேர் எண்ணெயில் உள்ள முக்கியத் துகள்களில் 15 கரி அணுக்கள் உண்டு. கனம் அதிகம். மெதுவாகக் கிளம்பும், மெதுவாகவே போகும்.

காய்ச்சல் வந்தால் கைக்குட்டையை ஓடிகொலோனில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, நினைவிருக்கிறதா? ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 1709-இல் பரீனா என்ற இத்தாலியர் தொடங்கிய கம்பெனியின் புகழ்பெற்ற சரக்கு அது. எலுமிச்சை, நாரத்தை வகை எண்ணெய்களைச் சாராயத்தில் கலந்தது. போட்டவுடன் ஜில்லென்று இருக்கும். வாசனை கமகமவென்று எழும்பும். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை வெறும் துணியாகிவிடும். பழத்தை மட்டும் நம்பினால் கதி அதுதான்.

அதனால்தான் சென்ட் செய்கிறவர்கள் பழத்துக்குக் கீழே வேரை வைக்கிறார்கள். பழம் ஆளைக் கூப்பிடுகிறது. வேர் ஆளை உட்கார வைக்கிறது. வெட்டிவேர் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. தன்னோடு சேர்ந்த மற்ற வாசனைகளையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.

இதைச் செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழந்தைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுக் காகிதம் எடுங்கள். ஒன்றின்மேல் எலுமிச்சம்பழத் தோலை மடக்கிப் பிழியுங்கள். இன்னொன்றில் வெட்டிவேர்த் துண்டை லேசாக நனைத்து மடித்து வையுங்கள். உடனே முகர்ந்தால் எலுமிச்சைதான் ஜெயிக்கும். அரை மணி கழித்து முகர்ந்தால் எலுமிச்சை இளைத்திருக்கும். மாலையில் பார்த்தால் ஒரு காகிதத்தில் ஒன்றும் இல்லை. இன்னொன்றில் வேர் அப்படியே மணக்கும். சென்ட் வியாபாரத்தின் பாதி ரகசியம் இந்த இரண்டு காகிதத்தில் இருக்கிறது.

அக்கினி ஊரில் எது நிற்கும்?

ஐந்து பூதங்களுக்கும் ஐந்து தலங்கள் சொல்வார்கள். அதில் நெருப்புக்கு உரியது திருவண்ணாமலை. கத்திரி வெயிலில் மாட வீதியில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டியதில்லை!

சூடு அதிகமானால் வாசனைத் துகள் இன்னும் வேகமாகப் பறக்கும். பாரிஸின் குளிரில் ஒரு மணி நேரம் நிற்கிற எலுமிச்சை, நம் ஊர் வெயிலில் பஸ் நிலையம் போவதற்குள் விடைபெற்றுக்கொள்ளும். குளிர்நாட்டில் அடக்கமாக இருக்கிற மர வாசனை, இங்கே சிலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். ஆகவே பெட்டியின்மேல் எழுதியிருப்பதும், சீமைக்காரர்கள் புகழ்ந்து பேசுவதும் நமக்கு அப்படியே பொருந்தாது.

என் தீர்ப்பு இது: பகல் வெயிலுக்கு வேர் தலைவராக இருக்கிற அண்ணன்தான் பொருத்தம். வெயிலில் அது உறுத்தாது. வியர்வையோடு சண்டை போடாது. வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்துக் கோடையைக் கழித்த ஜனங்களுக்கு இது புதுச் செய்தியல்ல. வெயிலுக்கு வேர் என்பது நம் பழைய தீர்மானம். மாலை விசேஷத்துக்கும், மார்கழிக் குளிருக்கும், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் தம்பி நன்றாக இருக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இந்த ஊரில் அண்ணனையே சொல்வேன்.

மண்ணுக்கு வாசனை வந்தது எப்படி?

இந்தச் சீசாக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் "மண் வாசனை, மண் வாசனை" என்கிறார்கள். மண் வாசனையில் இரண்டு வகை உண்டு. கலந்துவிடக் கூடாது.

ஒன்று, வேரின் மண் வாசனை. வெட்டிவேர் தன் எண்ணெயால் தருவது அது.

இன்னொன்று, முதல் மழையின் மண் வாசனை. 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் இதை ஆராய்ந்து, அதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் இந்த வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கிறார்கள். சுட்ட களிமண்ணைச் செம்புப் பானையில் போட்டு, நீராவியில் வடித்து, சந்தன எண்ணெயில் இறக்குகிற தொழில் அது. இன்றும் நடக்கிறது. மழை மண்ணின் வாசனையில் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு முக்கிய பங்கு உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். என்ன நுட்பமான மூக்கு நமக்கு!

அந்த மூக்கை நம்புங்கள் என்பதுதான் நான் சொல்வது. விளம்பரத்தில் வரும் நடிகரின் மூக்கு உங்களுக்கு எதற்கு?

"ஆண்களுக்கு மட்டும்"

இரண்டு சீசாவும் ஆண்களுக்கு என்று விற்கப்படுகின்றன. பெண்களுக்கு வேறு சீசா. அதற்கு வேறு விலை. இது கடைக்காரர்கள் போட்ட வேலி. வேருக்கு அது தெரியாது.

நம் வீடுகளில் வெட்டிவேர் யாருடையது? பாட்டி கூந்தல் தைலத்தில் போட்டாள். அம்மா துணிப்பெட்டியில் வைத்தாள். சாமிக்கு மாலையாகக் கட்டினார்கள். பானைத் தண்ணீரில் ஊறியதை எல்லாரும் குடித்தோம். அதே போல ஆண்கள் வாசனை பூசுவதும் நமக்குப் புதிதல்ல. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிறோம்; வந்தவர்மேல் பன்னீர் தெளிக்கிறோம். புனுகும் ஜவ்வாதும் பெரிய மனிதர்களின் அடையாளமாக இருந்தன. இந்த ஜில்லாவில் ஒரு மலைக்கே ஜவ்வாது மலை என்று பெயர் இருக்கிறது!

ஆகவே பிள்ளை சென்ட் வாங்குவதைப் பார்த்து, "ஆம்பிளைக்கு எதற்கடா வாசனை?" என்று கோபிக்க வேண்டாம். மகள் அண்ணன் சீசாவை எடுத்துப் பூசிக்கொண்டால், "அது ஆண்களுக்கு" என்று பிடுங்கவும் வேண்டாம். ஒரு சீசா ஒரு குடும்பத்துக்குப் போதும்.

வேரைத் தோண்டுகிறவர்

இந்த வேரை யார் தோண்டுகிறார்கள் என்றும் கொஞ்சம் நினைக்க வேண்டும். இன்று உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெய் அனுப்புவதில் ஹெய்ட்டி என்ற சிறிய தீவு நாடு முதலில் நிற்கிறது. மிக ஏழை நாடு அது. இந்தோனேசியாவின் ஜாவாவிலும் எடுக்கிறார்கள். நம் நாட்டில் வடக்கே கஸ் என்ற பெயரில் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் பயிரிடுகிறார்கள். மணலில் வேர் நேராக இறங்கும், தோண்டுவதும் சுலபம்.

நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, தோண்டி, மண் போகக் கழுவி, உலர்த்தி, நீராவியில் பல மணி நேரம் வடிக்க வேண்டும். 100 கிலோ உலர்ந்த வேரிலிருந்து ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். அதற்கும் குறைவது உண்டு. பணமுடை வந்துவிட்டால் விவசாயி வேர் முற்றும்வரை காத்திருக்க மாட்டார், இளவேரையே தோண்டிவிடுவார். அதில் எண்ணெய் குறைவு. வாசனையும் முழுமையாக இராது.

வேடிக்கை என்னவென்றால், இதே புல்லை மண் அரிப்பைத் தடுக்க நடுகிறார்கள். உலக வங்கி 1980-களில் இந்தியாவில் வயல் வரப்புகளிலும் சரிவுகளிலும் இதை நடச் சொல்லி ஊக்கம் கொடுத்தது. மண்ணைப் பிடித்து வைக்கிற வேர் அது. சரிவான நிலத்தில் அதையே முழுவதும் தோண்டினால் மண் மழையோடு போய்விடும். தோண்டியவுடன் மறுபடி நடுகிறவர்தான் நல்ல விவசாயி. அவர் காத்திருக்கும்படி அவருக்கு விலை கிடைக்க வேண்டும்.

சீசாவுக்கு விலை கொடுக்கிறவர், அந்த விலையில் பெட்டிக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, வேருக்கு எவ்வளவு என்று ஒரு தரமாவது கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் உடனே எதுவும் மாறிவிடாதுதான். ஆனால் கேட்காத வரையில் ஒருநாளும் மாறாது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, நெருப்பு. சென்ட் சீசாவில் பெரும்பங்கு சாராயம். தீப்பற்றும். கார்த்திகை தீபத்தன்று வீடெல்லாம் விளக்கு. புதுச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு, அந்த ஈரம் காய்வதற்குள் விளக்கேற்றக் குனியாதீர்கள். கற்பூரத் தட்டுக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். நன்றாக உலர்ந்த பிறகே நெருப்பின் அருகில் போக வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் சீசாவை வைக்கவே கூடாது.

இரண்டாவது, வெயில். எலுமிச்சை, பெர்கமாட் போன்ற பழங்களின் தோல் எண்ணெயில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கும். நூறு வருஷத்துக்கு முன்பே மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். பெரிய கம்பெனிகள் இன்று அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைச் சேர்க்கின்றன; அல்லது அளவைக் கட்டுப்படுத்துகின்றன. பேர் தெரியாத மலிவுச் சீசாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே கழுத்திலும் முகத்திலும் அடித்துக்கொண்டு வெயிலில் அலையாதீர்கள். "வாசனைக்கு எலுமிச்சையே போதும்" என்று தோலில் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது இன்னும் தவறு.

மூன்றாவது, அடுத்தவர் மூக்கு. நம் மூக்கு ஒரு வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். கொஞ்ச நேரத்தில் நமக்குத் தெரியாது, மற்றவருக்குத் தெரியும். "போய்விட்டதே!" என்று மறுபடி மறுபடி அடிப்பவர் பக்கத்து ஆளைத்தான் வருத்துகிறார். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தோளோடு தோள் உரசிக் கூட்டம் நடக்கிறது. அங்கே உங்கள் சென்டிலிருந்து விலகிப் போக யாருக்கும் இடம் இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குமேல் போகாத வாசனைதான் மரியாதையான வாசனை.

எப்படி வாங்குவது?

கடைக்குப் போங்கள். ஒரு சென்டை இடது கையில், மற்றொன்றை வலது கையில் ஒரே ஒரு தரம் அடித்துக்கொள்ளுங்கள். அடித்தவுடன் பையிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள். "இன்றைக்கு மட்டும் சலுகை" என்பார்கள். நாளைக்கும் ஒரு சலுகை இருக்கும், கவலை வேண்டாம். வெளியே வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வெயிலில் நடங்கள். பஸ்ஸில் போங்கள். மாலையில் முகர்ந்து பாருங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு தரம் அடித்தால் சுமார் பத்தில் ஒரு மில்லி செலவாகும். 100 மில்லி சீசாவில் ஏறக்குறைய 1,000 தரம் அடிக்கலாம். தினம் நான்கு தரம் என்றால் 250 நாள் வரும். விலையை 250-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். அது உங்கள் சம்பளத்துக்குத் தாங்குமா? தாங்குமானால் வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். தாங்காது என்றால் வாங்காதீர்கள். அதற்கும் வெட்கப்பட வேண்டாம். கடன் வாங்கி மட்டும் மணக்க வேண்டாம்.

இதே வாசனை என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பவையும் ஏராளம். அவற்றில் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. எப்படிப் பிரிப்பது? அதே சோதனைதான். பழ வாசனையைச் செய்வது சுலபம், செலவும் குறைவு. முதல் பத்து நிமிஷம் மலிவுச் சீசாவும் ராஜா மாதிரி இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து மண் மிஞ்சுகிறதா, வெறும் சர்க்கரைத் தித்திப்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சரக்கு அப்போது தெரிந்துவிடும்.

பணம் இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் ஒரு பிடி வெட்டிவேர் கேட்டு வாங்குங்கள். துணி அலமாரியில் வையுங்கள். சட்டைக்கு வந்து சேருகிற வாசனை கெர்லானும் அல்ல, எர்மேயும் அல்ல. பழமும் கல்லும் மிளகும் இல்லாத வெறும் வேர் அது. ஆனால் அந்த இரண்டு சீசாக்களிலும் மாலைவரை நிற்பது எதுவோ, அதுதான் அது. போலி அல்ல, அசல்.

பிள்ளைக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மாலையில் வீட்டுக்கு வந்ததும், விலையைச் சொல்லாமல், இரண்டு கைகளையும் அம்மாவிடமும் அப்பாவிடமும் நீட்டு. "எது நன்றாக இருக்கிறது?" என்று கேள். அவர்கள் விளம்பரம் பார்த்ததில்லை. பெட்டியைப் பார்த்ததில்லை. வெட்டிவேர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் எந்தக் கையைச் சொல்கிறார்களோ, அந்தச் சீசாவை வாங்கு.